மேவிஸ் வீட்டு ஜன்னலில் இரண்டு அட்டைகள்

மேவிஸ் மோசப் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. அவள் கணவன் வில்ஃப், நரிவேட்டை நாய்களைக் கட்டி மேய்க்கிறவன். நரிவேட்டையைத் தடை செய்வதா வேண்டாமா என்று லண்டனில் நாடாளுமன்றம் அடித்துக்கொண்ட அந்த இலையுதிர் காலத்தில், அவர்கள் வீட்டு முன் ஜன்னலில் இரண்டு அட்டைகள் தொங்கின. இடது கண்ணாடியில் ‘வேட்டையைக் காப்போம்’. வலது கண்ணாடியில் ‘வேட்டையை ஒழிப்போம்’. நடுவில் ஒரு ஜெரேனியம் தொட்டி, எல்லைக் கல் மாதிரி.

எதிரே பப் நடத்துகிறவள் நான், பெயர் பெக். வேட்டைக்காரர்களும் என்னிடம்தான் குடித்தார்கள். அவர்களை எதிர்த்துக் கோஷம் போட வந்த நகரத்துப் பிள்ளைகளும் குளிர் தாங்காமல் என்னிடம்தான் சூப்புக்கு வந்தார்கள். அதனால் நான் நடுநிலையாகப் பேசுவேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் மேவிஸ் பக்கம். அவள் எனக்குச் சிநேகிதி, தவிர அவளோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் மலையில் வேட்டைக்குக் குதிரை கிடையாது. சிவப்புக் கோட்டெல்லாம் தெற்கத்தி ஆட்களுக்கு. இங்கே எல்லாரும் பழைய ட்வீட் கோட்டும் சகதி பூட்ஸுமாக நடக்கிறவர்கள்தான். நாய்களும் ஊருக்குப் பொது. ஒவ்வொரு நாயும் குட்டியாக ஏதாவது ஒரு வீட்டில் வளரும், பெரிதானதும் கொட்டிலுக்குப் போகும். ஆனால் வேட்டைக் காலம் முடிந்தால் ஒவ்வொரு கோடைக்கும் வளர்ந்த வீட்டுக்கே திரும்பி வரும், பெண் தாய்வீட்டுக்கு வருகிற மாதிரி. மேவிஸ் வீட்டுக்கு வருகிறவன் பெயர் டிரம்மர். வெள்ளையும் பழுப்புமாக நெடுங்காலன். அவன் குரைத்தால் என் பப்பில் கண்ணாடித் தம்ளர்கள் அதிரும்.

வேட்டைக்காரன் பெண்டாட்டி எப்படி வேட்டைக்கு எதிரியானாள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் அவள் தோட்டத்துக் கொடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஓடிக் களைத்த நரி ஒன்று சுவரைத் தாண்டி வந்து, விரிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவளைப் பார்த்தது. கையில் துணிக் கவ்விகளோடு அவளும் அதைப் பார்த்தாள். அதற்குள் நாய்கள் வந்துவிட்டன. முதலில் வந்தவன் டிரம்மர்.

அவனை அவள் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. “அவனுக்கு என்ன தெரியும்? நாம பழக்கினத அவன் செஞ்சான்” என்பாள். ஆனால் அந்த விரிப்புகளை அவள் மறுபடி கட்டிலில் விரிக்கவில்லை.

அந்த வீட்டுச் சண்டை ஊருக்கே பொழுதுபோக்கு. பப்பில் ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பார்கள்.

“ஆட்டுக்குட்டியோட தலைய மட்டும் விட்டுட்டுப் போகுதே, அத வந்து பாரு மேவிஸ். அப்புறம் நரிக்குக் கண்ணீர் விடு” என்பான் வில்ஃப்.

“என் கோழியவும்தான் தூக்கிட்டுப் போச்சு. அது எனக்கும் நரிக்கும் உள்ள சண்டை. நடுவுல இருபது நாயும் நாப்பது ஆம்பளையும் எதுக்கு?”

“துப்பாக்கியால சுட்டா சரியாப் படாது. காயத்தோட போய் நாள்கணக்கா அழுகிச் சாகும். நாய் புடிச்சா ஒரு நொடி.”

“அந்த ஒரு நொடிக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் ஓடுதே, அத எந்தக் கணக்குல சேர்த்த?”

வில்ஃப் அவள் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்கு வறுவலை எடுத்துக்கொள்வான். சண்டை அன்றைக்கு முடிந்தது என்று அர்த்தம்.

செப்டம்பர் கடைசியில் ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். வேட்டைக் குழுவின் தலைவர் கிளிஃபர்ட் ரெல்ஃப் மேடையேறினார். ஆட்டுச்சந்தையில் ஏலம் கூவி ஓய்வுபெற்ற மனிதர், ஒலிபெருக்கி தேவையில்லாத தொண்டை.

“தடை வந்தா முதல்ல சாகப்போறது யாரு? நரியா? இல்ல! நம்ம நாய்ங்க! வேலையில்லாத இருபது நாய்க்கு யாரு சோறு போடுவா? வரிசையா நிறுத்திச் சுடுறத விட வேற வழியில்ல. வேணும்னா அந்த அட்டைய மாட்டி வெச்சவங்கள கேளுங்க!”

மன்றத்தில் எல்லாத் தலையும் மேவிஸ் பக்கம் திரும்பியது. அவள் முகம் வெளுத்துப்போனதை அன்று முதன்முதலாகப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவள் வேண்டியது நடக்கப்போகிறது, அதற்கு விலை டிரம்மர். அந்த வருஷ வேட்டை இன்னும் தொடங்கவில்லை, அவன் அப்போது அவள் வீட்டுச் சமையலறையில் அடுப்போரம் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் எழுந்தாள்.

“டிரம்மர் மேல கை வெச்சா பாருங்க, கிளிஃபர்ட். சோம்புத்துணி வெச்சு ஓட விடலாமே. மத்த நாயெல்லாம் ஓடல?”

மன்றம் சிரித்தது. சோம்பும் மண்ணெண்ணெயும் கலந்து நனைத்த துணியை மலைமேல் இழுத்துப்போய், அந்த வாசத்தைப் பிடித்து நாய்களைப் பந்தயம் ஓட விடுவது எங்கள் ஊரில் பழைய விளையாட்டு. ஆனால் அதற்கென்று ஒல்லி ஒல்லியாகத் தனி நாய்கள் இருக்கின்றன. நரிநாய்க்காரர்கள் அதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள்.

“நரிய மோந்த மூக்கு சோம்ப மோக்காது மேவிஸ்” என்றார் கிளிஃபர்ட்.

“மோந்தா?”

“அடுத்த மாசம் ஆட்டுக் கண்காட்சி இருக்கு. நம்ம நாய்ங்கள மட்டும் தனியா ஓட விடுவோம். உன் டிரம்மர் முடிவுக் கோட்டத் தொட்டுட்டான்னா சுடுற பேச்சையே நான் எடுக்க மாட்டேன். தொடலன்னா உன் அட்டைய நீயே கிழிச்சுப் போடணும்.”

“சரி.”

“துணிய இழுக்குறது எங்க ஆளா இருக்கணும். உனக்காகச் சுலபமா இழுத்துட்டுப் போறவனா இருக்கக் கூடாது. வில்ஃப் இழுக்கட்டும்.”

வில்ஃப் கூரையைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

மறுநாளிலிருந்து மேவிஸ் பயிற்சியில் இறங்கினாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் சோம்பில் ஊறிய துணியைத் தன் கணுக்காலில் கட்டிக்கொண்டு புல்வெளியில் ஓடுவாள். ஐம்பத்திரண்டு வயதில், அந்த உடம்போடு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல். முதல் வாரம் டிரம்மர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். அப்புறம் முடிவில் ஆட்டுக்கறித் துண்டு இருக்கிறது என்று கண்டுகொண்டான். வீடெல்லாம் சோம்பு வாசம். பள்ளிக்கூடத்துக் கஸ்டர்டில்கூட அடித்தது, பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். நான் என் பங்குக்கு அவள் ஓடுகிறதைப் பார்க்க வாடிக்கையாளர்களை ஜன்னலோர மேஜையில் உட்கார வைத்தேன்.

கண்காட்சி நாள் வந்தது. வெயிலும் காற்றுமான நல்ல நாள். வில்ஃப் கிளம்பும்போது மேவிஸ் அவன் கோட்டுப் பையில் ரொட்டியைத் திணித்தாள்.

“நேரா நட வில்ஃப். வேற ஒண்ணும் கேக்கல.”

“எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான் நடப்பேன்.”

கூட்டமெல்லாம் பைனாகுலரோடு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. துணியை இழுத்துக்கொண்டு வில்ஃப் கொஞ்ச தூரம் ஒழுங்காக ஏறினான். பிறகு கல்மதில் ஒன்றின்மேல் ஏறி அதன் தலைமேலேயே நடந்தான். மதிலிலிருந்து குதித்தான், வந்த வழியே திரும்பினான், செம்மறி மந்தைக்கு நடுவே புகுந்து போனான். கடைசியில் ஓடைக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில், தூரத்துக்கு ஓடையோடேயே போனான்.

“அந்த மடையன் என்னடி பண்றான்?” என்றாள் மேவிஸ்.

“நரி பண்ணுறத” என்றேன். வேறென்ன சொல்ல? முப்பது வருஷம் நரிக்குப் பின்னால் நடந்த கால்.

அவன் மலையைச் சுற்றி இறங்கி, தொடை வரை ஈரமாக, மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தான். முகமெல்லாம் பெருமை. மேவிஸ் அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

“நேரா நடன்னு சொன்னேனா இல்லையா?”

“எந்த நரி நேராப் போகும்?”

“யோவ், நீ நரி இல்லய்யா! ஓடைல எறங்கினியே, வாசம் நிக்குமா? டிரம்மர் கோட்டத் தொடலன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது?”

அப்போதுதான் வில்ஃபுக்கு உறைத்தது. வாய் திறந்தபடி நின்றான். “சத்தியமா நெனச்சுப் பண்ணல மேவிஸ். கால் தானாப் போச்சு” என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. டிரம்மர் குட்டியாக இருந்தபோது கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன்தானே.

நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். சொல்லிவைத்த மாதிரி எல்லாம் ஏறின. மதிலடியிலேயே பாதி நாய்கள் நின்றுவிட்டன. ஒன்று நேராக மந்தைக்குள் போய், ஒரு கிழட்டுப் பெண்ணாடு காலைத் தரையில் தட்டி மிரட்டியதும் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பி ஓடிவந்தது. மிச்சம் இரண்டு மூன்று ஓடை வரை போய், தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டன. டிரம்மரும் ஓடைக்கரையில் நின்றான். தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தான். கிளிஃபர்ட்கூடத் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டார். மேவிஸ் என் கையை நசுக்கியதில் மோதிரம் பதிந்துவிட்டது.

டிரம்மர் மூக்கைத் தாழ்த்தி, ஓடைக்கரையோடு கீழ்நோக்கி மெதுவாக நடக்க ஆரம்பித்தான். ஒரு கரை பார்த்தான். தண்ணீரைத் தாண்டி மறு கரை பார்த்தான். அவசரமே இல்லை. சோம்புக்கென்றே வளர்க்கிற ஒல்லி நாய்கள் வேகத்துக்குப் பெயர் போனவை, இந்த இடத்தில் அவையும் குழம்பித் திரும்பியிருக்கும். இவன் ஓடையில் இறங்கி ஏமாற்றுகிற நரிகளைத் தேடியே வளர்ந்தவன். வில்ஃப் கரையேறிய பாறைக்கு வந்ததும் நின்றான். பிறகு அந்தக் குரல் வந்தது, மலை முழுக்க.

“புடிச்சுட்டான்!” என்று வில்ஃப் கத்தினான். “புடிச்சுட்டாண்டி மேவிஸ்! என்னையே புடிச்சுட்டான்!”

அதற்கப்புறம் யார் எந்தக் கட்சி என்று எனக்கு ஞாபகமில்லை. கிளிஃபர்ட் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று, ஏலத்தில் கூவிய தொண்டையால், “வாடா ராஜா! வாடா!” என்று கூவினார். எங்கள் பழக்கப்படி, முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மேவிஸ் சாப்பாட்டுச் சட்டியோடு நின்று, பள்ளிக்கூடத்துப் பெரிய கரண்டியால் அதை அடித்தாள். டிரம்மர் தனியாகச் சரிவில் இறங்கி, வேலியைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, மேவிஸையும் ஆட்டுக்கறிச் சட்டியையும் தாண்டி, சோம்பு நாறும் வில்ஃப் மேல் பாய்ந்தான். வில்ஃப் மல்லாந்து சகதியில் விழுந்தான். நாய் அவன் முகத்தை நக்கு நக்கு என்று நக்கியது.

“ஐயோ, விடுடா! விடு!” வில்ஃப் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினான். “மேவிஸ், ஓடிப்போறதுல இவ்ளோ குஷி இருக்குன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே!”

மேவிஸ் குனிந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

“குஷியாத்தான் இருக்கும் வில்ஃப்” என்றாள். “நரிய யாரும் கடைசில நக்குறதில்லையே.”

வில்ஃபின் சிரிப்பு நின்றது. சகதியில் படுத்தபடியே அவள் முகத்தைப் பார்த்தான்.

கிளிஃபர்ட் சொன்ன சொல் தவறவில்லை. தடைச் சட்டம் அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் வந்தது. சிலர் இன்றும் என் பப்பில் உட்கார்ந்து லண்டனைத் திட்டுகிறார்கள், அவர்கள் நியாயம் அவர்களுக்கு. எங்கள் நாய்கள் ஒன்றுகூடச் சாகவில்லை. சனிக்கிழமைதோறும் வில்ஃப் நனைந்த துணியோடு மலையேறுகிறான், போன தடவை ஓடிய வழியில் மறுபடி ஓடுவதில்லை.

கண்காட்சிக்கு மறுநாள் காலையில் நான் பப் வாசலைப் பெருக்கும்போது பார்த்தேன். எதிர் ஜன்னலின் இடது கண்ணாடியில் ‘வேட்டையைக் காப்போம்’ அட்டை இல்லை. ஜெரேனியம் தொட்டி அங்கே நகர்ந்திருந்தது. வில்ஃப் வாசலில் நின்று பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“என்ன வில்ஃப், அட்டையக் காணோம்?” என்றேன்.

அவன் நிமிரவில்லை. “செடிக்கு வெயில் பத்தல பெக்” என்றான்.