ஸ்டெல்லா திருத்தாத எழுத்துப்பிழை

போன மாதம் ஒருநாள், சிதம்பரத்தில் எங்கள் அலுவலகம் திறந்து அரை மணி நேரத்தில் ஸ்டெல்லா மறைந்த செய்தி வந்தது. அவர் தம்பிதான் பேசினார். "அக்கா காலையில தவறிட்டாங்க சார். நாளைக்குப் பத்து மணிக்குச் சர்ச்சுல பூசை. ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிடுங்க." சொன்னேன். அவர் நோயில் படுத்த ஆறு மாதமாக எதிர்பார்த்த செய்தி. அவருடன் வேலை பார்த்தவர்களுக்காக, எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

பம்புகளையும் வால்வுகளையும் கணினி வழியாக இயக்கும் பெட்டிகளை எங்கள் நிறுவனம் செய்கிறது. பெட்டிக்குள் இருக்கும் இயங்குதளத்துக்கும் கருவிக்கும் நடுவே நின்று பேசும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். எந்தக் கட்டளையை எந்தப் பெயரில் கொடுப்பது, கேட்டால் கருவி என்ன பதில் சொல்வது என்று வகுப்பது எங்கள் இருவரின் வேலை. அப்போது நான் பொறுப்பாளர். ஸ்டெல்லா எனக்கு அடுத்த இடத்தில் இருந்தார்.

மழைநீரை இறைக்கும் பம்புகளுக்கு ஒரு டிரைவர் எழுதினோம். பம்ப் ஓடுகிறதா என்று கேட்டால், கடைசியாகக் கொடுத்த கட்டளையையே பதிலாகத் திருப்பித் தரும்படி நான் வகுத்தேன். ஸ்டெல்லா ஒத்துக்கொள்ளவில்லை. "நாம நிறுத்தச் சொன்னோம்ங்கறது வேற, அது நின்னுச்சுங்கறது வேற முரளி. மோட்டார்ல கரண்ட் போவுதான்னு பாத்துட்டுத்தான் பதில் சொல்லணும்" என்றார். அதற்கு இன்னும் ஒரு மாதம் பிடிக்கும். தன் மறுப்பை மின்னஞ்சலிலும் எழுதினார். "பார்த்தேன்" என்று பதில் போட்டுவிட்டுப் பெட்டிகளை அனுப்பிவிட்டேன்.

அந்த ஆண்டு மழையில், கடலூரில் ஒரு பம்ப் அறையில் கலியபெருமாள் என்ற ஆபரேட்டர், அடைத்திருந்த குப்பையை எடுப்பதற்காக ஒரு பம்பை நிறுத்தினார். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டவேண்டிய ரிலே ஒட்டிக்கொண்டதால் மோட்டார் நிற்கவில்லை. திரையோ நின்றுவிட்டது என்று காட்டியது. பக்கத்துப் பம்பின் இரைச்சலில் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

நாங்கள் இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். "நின்னுடுச்சுன்னுதான போட்டுருந்துச்சு? அத நம்பித்தான கைய வுட்டேன்" என்றார் கலியபெருமாள். ரிலே பழுதைப் பற்றி நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். ஸ்டெல்லா குறுக்கிட்டுக் கேட்டார்: "அண்ணே, பம்பு ஓடுதா நிக்குதான்னு பொட்டிக்கே தெரியலன்னா ஸ்கிரீன்ல என்ன வரணும்?"

"தெரியலன்னா தெரியலன்னு வரட்டும்மா. நான் மெயின ஆஃப் பண்ணிட்டுப் போவேன்ல?"

அதை அவர் சொன்னபடியே ஸ்டெல்லா எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மஞ்சக்குப்பத்தில் வாடிக்கையாளர் அலுவலகத்தில் விசாரணை. ரிலே செய்த கம்பெனியின் மீது பழியைப் போட நான் தயாராகப் போயிருந்தேன். மாடிப்படியில் ஸ்டெல்லா நின்றார். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" குரலில் கோபம் இல்லை. அந்த மின்னஞ்சலின் நகல் அவர் பையில் இருந்தது என்று எனக்குத் தெரியும். உள்ளே போய், பதிலை அப்படி வகுத்தது என் முடிவு, எச்சரித்தும் நான் கேட்கவில்லை என்று சொன்னேன். அவர் பையைத் திறக்கவே இல்லை. பொறுப்பு அவரிடம் போனது. அடுத்த எட்டு ஆண்டுகள் நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். ஓடுகிறது, நிற்கிறது, தெரியவில்லை என்று மூன்று பதில்கள் கொண்ட டிரைவரை அவர் எழுதினார். விசாரணையைப் பற்றி ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. மற்றபடி சுலபமான மேலதிகாரி என்று சொல்ல மாட்டேன். ஒரு கட்டளையின் பெயருக்காக இரண்டு வாரம் சண்டை போடுவார்.

அவரும் தவறு செய்தார். அவர் வகுத்த வால்வு டிரைவரில், ஒரு கட்டளையின் ஆங்கிலப் பெயரில் இரண்டு எழுத்துகள் இடம் மாறிவிட்டன. பெட்டிகள் வெளியே போன பிறகுதான் நான் கவனித்தேன். கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. திருத்திவிடலாமா என்றேன்.

"பெண்ணாடத்துல ஒருத்தர் அந்தப் பேர வச்சுத்தான் ப்ரோகிராம் எழுதியிருக்காரு. மாத்துனா அவரு வால்வு தொறக்காது. எனக்கு வெக்கமா இருக்குன்னு அவரு மெஷின நிறுத்தச் சொல்றீங்களா?" என்றார். பிறகு வந்த ஒவ்வொரு பதிப்பிலும் தன் பிழையை அப்படியே விட்டுவைத்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிப்பார்கள். "நான் போட்டதுதான்" என்பார்.

போன வாரம் அடுத்த பதிப்பு என் மேசைக்கு வந்தது. அந்த வரியை நான் தொடவில்லை. கோப்பின் தலையில், சந்தேகம் இருந்தால் கேட்கவேண்டியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். இனி யாராவது சிரித்துக்கொண்டு கேட்டால், நான்தான் பதில் சொல்ல வேண்டும்.