நான் அடித்த சத்தம்

தாராவியில் ஊர்வலங்களுக்கு டிரம் அடிப்பவன் நான். கூச்சக்காரன், அதிகம் பேசமாட்டேன். செம்பூரில் ஒரு பாட்டுப்பதிவு ஸ்டுடியோவில் முதன்முறை வாசிக்கக் கூப்பிட்டபோது, சத்தம் கனமாக விழ வேண்டுமென்று அடியில் கம்பிச்சரம் கட்டிய ஆழமான பித்தளை ஸ்னேர் டிரம்மும் அதற்குத் தடித்த தோலும் தேடி வாங்கினேன். ஆனால் தெருவுக்கு முறுக்குவதுபோலவே தோலை இறுக முறுக்கிவிட்டேன். பதிவில் தகர டப்பாவாகக் கேட்டது.

"விடுங்கண்ணா, கம்ப்யூட்டர்ல வேற டிரம் சவுண்டு வச்சுக்கலாம்" என்றான் பதிவு செய்த பையன்.

"அப்போ நான் எதுக்குடே? கொஞ்சம் பொறு."

எனக்கே ஆச்சரியம், அது என் குரல். டிரம் சாவியால் தோலை இறுக்கும் திருகாணிகளைத் தளர்த்தி அடித்தேன். சத்தம் கனமாக நெஞ்சில் இடித்தது.

"அடிக்கம்பி லேசா கரகரங்குதேண்ணா."

"கரகரக்கட்டும். நான் அடிச்சதுதான் பாட்டுல இருக்கணும். இல்லன்னா இப்பவே எந்திச்சுப் போயிருதேன்."

அப்படியே வைத்தான். இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் இந்த நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் மறுபடி கூப்பிடுவதில்லை. கூப்பிடாமல் போகட்டும்.