பேர் வைக்காத ஃபோல்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், திருப்பதியில் மூடிவிட்ட ஒரு நெட் சென்டரிலிருந்து வாங்கியது. வரும்போதே அதற்கு வயசாகிவிட்டிருந்தது. பட்டனை அமுக்கிவிட்டுப் போய்க் குளித்து, சாமி கும்பிட்டு, இட்லி தின்றுவிட்டு வந்தால் அப்போதுதான் கண் திறந்துகொண்டிருக்கும். ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நகரியில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறிகள். அந்தச் சத்தத்திலும் இதன் ஃபேன் இரைவது தனியாகக் கேட்கும்.

இருந்தாலும் அதன்மேல் எனக்கு அலாதியான அதிகாரம். புத்தூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். வகுப்பில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. வீட்டிலாவது கேட்கட்டும் என்றோ என்னவோ, கம்ப்யூட்டருக்கு நிறையச் சட்டம் போட்டு வைத்திருந்தேன். அதில் முக்கியமானது, எந்த ஃபோல்டராக இருந்தாலும் அது யாருடையதோ அவர் பேர் அதன்மேல் இருக்க வேண்டும் என்பது. பேர் இல்லாதது எதுவாக இருந்தாலும் அழித்துவிடுவேன் என்று ஒரு நாள் சாப்பிடும்போது அறிவித்தேன். என் மனைவி கம்ப்யூட்டர் பக்கமே வராதவள். "ஊறுகா எடுங்க" என்றாள். தம்பி மனைவி மட்டும் தலையாட்டினாள்.

தம்பி குவைத்தில், ஊரை விட்டு எங்கோ தள்ளியிருக்கும் ஒரு பண்ணையில் வண்டி ஓட்டுகிறான். குழந்தை வயிற்றில் இருக்கும்போது போனவன். அங்கே பேசுவதற்கே சிக்னல் கிடைக்காது. குழந்தையின் வீடியோவை அனுப்பட்டுமா என்று அவன் மனைவி கேட்டால், "அனுப்பாத, தெறக்காம சுத்திக்கினே கீது. எல்லாத்தையும் சேத்து வை, வந்து பெரிசாப் பாக்கறேன்" என்பான். அவளும் சேர்த்தாள். போன் நிரம்பி வழிந்தபோது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு போனைக் காலி செய்தாள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள், எழுதவும் மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் பிறந்த வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பிச்சாட்டூர் பக்கத்துப் பெண். இந்தக் காலத்தில் இதெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஆனால் அவன் கண்காணாத தேசத்தில் இருக்கிறான் என்பதாலேயே இவள் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். ரேஷன் கடையில் தெலுங்கில் புருஷன் பேர் கேட்டால் கார்டைத் திருப்பி எழுத்தைத் தொட்டுக் காட்டுவாள். குழந்தைக்கு எங்கள் அம்மாவின் பேர். மாமியார் பேரையும் சொல்லக் கூடாதாம், அதனால் குழந்தை வெறும் பாப்பா. "இந்த வீட்ல உனக்குச் சொல்ற மாதிரி ஒரு பேராவது கீதா இல்லியாம்மா?" என்று நான் கிண்டல் பண்ணுவேன். சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

காலாண்டு மார்க்குகளை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடமில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. இடத்தைக் காட்டும் பட்டை சிவப்பாக நின்றது. எது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தேன். வேறு எது, என்னுடைய பழைய சினிமாப் படங்கள்தான். கறுப்பு வெள்ளையிலிருந்து ஆரம்பித்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றைத் தொட்டால் சண்டை நன்றாயிருக்குமே என்று தோன்றியது, இன்னொன்றைத் தொட்டால் பாட்டு. ஒன்றைக்கூட விட மனசில்லை. அப்போதுதான் மூலையில் அது கண்ணில் பட்டது. பேர் இல்லை. 'நியூ ஃபோல்டர்' என்று மெஷின் தானாகப் போட்டது அப்படியே இருந்தது. கனமாகவும் இருந்தது.

எனக்கு வந்தது கோபம்தான். சொல்லியும் கேட்கவில்லையே என்ற வாத்தியார் கோபம். திறந்து பார்த்திருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரில் திறக்க ஒரு நிமிஷம் ஆகும், அதற்குப் பொறுமையில்லை. திரும்ப எடுக்க முடியாதபடி ஷிஃப்டையும் சேர்த்து அமுக்கி அழித்தேன். நிச்சயமாகவா என்று அது ஒரு முறை கேட்டது. நிச்சயம் என்றேன். பட்டை நீலமானது. மார்க்குகளை ஏற்றியபிறகும் மிச்சம் இருந்த இடத்தில் அந்த வாரமே இரண்டு புதுப் படங்களை இறக்கினேன்.

அடுத்த மாதம் தம்பிக்கு லீவு கிடைத்தது. போன் வந்த அன்று வீடு வீடாக இல்லை. அவள் அன்று சாயந்திரமே பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான் பக்கத்து நாற்காலியில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன்.

"மாமா, அவருக்குன்னு ஒண்ணு வெச்சிருந்தேனே. நியூ ஃபோல்டருன்னு இருக்கும். எங்க கீது?"

கையிலிருந்த பேனாவை மூடினேன்.

"அதுல இன்னாம்மா இருந்திச்சி?" என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

"பாப்பா வீடியோ எல்லாம். தவழ்ந்தது, மொதல்ல நடந்தது, அவர நைனான்னு கூப்ட்டது."

"பேரு போடலியே நீ" என்றேன். அந்த நேரத்திலும் வாயில் சட்டம்தான் வந்தது.

"உங்களைத்தான மாமா அடிச்சிக் குடுக்கச் சொன்னேன். அப்பறம் பாக்கலாம்னு சொன்னீங்க."

சொல்லியிருந்தாள். இரண்டு தரம் வந்து நின்றாள். இதுக்கு அவரு பேர அடிச்சிக் குடுங்க மாமா என்று கேட்டாள். படத்தில் ஏதோ முக்கியமான கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் போம்மா என்று கையைக் காட்டினேன். இப்போது அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் எனக்கு அன்று ராத்திரி சோறாவது இறங்கியிருக்கும்.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் சாயந்திரம் வரைக்கும் பார்த்தார். பிறகு அதே இடத்தில் வேறு எதையோ எழுதிவிட்டீர்கள் சார், இனிமேல் வராது என்று தெலுங்கில் சொன்னார். என்ன எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். இரண்டு படங்கள். அதில் ஒன்றை நான் பாதிக்கு மேல் பார்க்கக்கூட இல்லை.

தம்பி வந்தான். இளைத்துக் கறுத்திருந்தான். பாப்பா அவனைக் கண்டு பயந்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்ததே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கம்ப்யூட்டரிடம் வந்தான்.

"அந்த நடக்கற வீடியோ போடுண்ணா. அதுக்கோசரம்தான் அங்க பாக்காமயே வந்தேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "சிஸ்டம் பழசாயிடுச்சி. எல்லாம் போயிடுச்சி." அவன் முகம் விழுந்ததைப் பார்த்து அவசரமாகச் சேர்த்தாள். "பாப்பா நடந்த அன்னிக்கி மாமா இங்கதான் குந்திக்கினு இருந்தாரு. அவரக் கேளுங்க."

நான் அன்று அங்கேதான் இருந்தேன், அது நிஜம். அந்த வீடியோவை அவள் எனக்கு ஒரு முறை போனில் போட்டும் காட்டியிருக்கிறாள். பாப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கையை விடும். தள்ளாடித் தள்ளாடி என் நாற்காலிவரை வந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளும். அதில் நான் தெரிவேன், முதுகு மட்டும். ஒரு கை மவுஸில். கடைசிவரைக்கும் திரும்ப மாட்டேன்.

தம்பி தரையில் உட்கார்ந்து என்னை அண்ணாந்து பார்த்தான். சொன்னேன். கதவைச் சொன்னேன், தள்ளாடினதைச் சொன்னேன், சிவப்பு கவுனைச் சொன்னேன். "என் கிட்ட வந்திச்சி. திரும்பிப் பாத்தேன், அப்பிடியே வாரித் தூக்கிக்கினேன்" என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. "நான் இல்லேன்னாலும் நீ தூக்கினியே. அது போதும்ணா" என்றான்.

நிலைப்படியில் நின்றிருந்த அவளை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

லீவு முடிந்து அவன் போன மறுநாள், போனை எடுத்துக்கொண்டு அவள் வந்தாள். அப்பனும் மகளுமாக எடுத்த வீடியோக்கள். என் படங்களை முன்பே மொத்தமாக அழித்துவிட்டிருந்தேன், இடம் நிறைய இருந்தது. ஏற்றி முடித்ததும், "அவரு பேரு போட்டுக் குடுங்க மாமா" என்றாள். உடனே அடித்தேன். சின்னப் பேர். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவள் குனிந்து வாசித்தாள், உதடு அசையாமல்.

போகும்போது என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"நீங்க அன்னிக்கித் தூக்கலன்னு அவருக்குத் தெரிய வேணாம் மாமா. சந்தோஷமாப் போயிருக்காரு."

சரி என்று தலையாட்டினேன். கை மவுஸில் இருந்தது. அப்போதும் நான் திரும்பவில்லை.