தன்னைப் பற்றி இரண்டு வரி

காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள் மனைவி. எதிரே கணவர், ஓய்வுபெற்ற தபால்காரர். ஊரார் அசட்டுத்தனத்தை இரண்டே வரியில் பாட்டாகக் கட்டிவிடுவார். அவள் தம்பியின் பணத்திமிரை அவன் வீட்டு விருந்திலேயே பாடிவைத்தார். பிறந்த வீட்டில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ஆள் அவன். அன்றோடு இவர்கள் வாசல் மிதிப்பதை நிறுத்திவிட்டான்.

“இன்னிக்கு என்னையே வாரியிருக்கேன், கேளு” என்றார்.

“ஊரார் கர்வத்தை உரைகல்லில் தேய்த்தவன்
தன் கர்வத்தைப் பட்டில் பொதிந்துவைத்தான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் கேட்டாள்: “இதையே தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லுங்களேன். அவன் மனசு இறங்கிடுவான். எனக்கும் வேற யாருங்க இருக்கா?”

“அவனா? அவனுக்குப் பாட்டுப் புரியுமா? ‘பட்டில்’ சரியா இருக்கா, அதைச் சொல்லு.”

துணிகளை வாரிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.