லேப் வைரம் பார்த்த நாள்

நிச்சயத்துக்கு மோதிரம் எடுக்க, எனக்குப் பேசியிருந்த பெண்ணோடு மதுரையில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். ஆய்வகத்தில் உருவாக்கும் லேப் வைரம்தான் என்று எங்கள் இருவர் வீட்டிலும் பேசி முடிவானது. கடைக்காரர் வெள்ளைத் தாளில் இரண்டு கற்களை வைத்து லென்ஸைக் கொடுத்தார்.

"அண்ணே, இதுல லேசா பழுப்பு தட்டுது" என்று ஒன்றை ஒதுக்கினேன். மற்றதில் வெட்டு சுத்தம். உள்ளே புள்ளிகூட இல்லை. விரல் அளவு பார்க்கக் கடைக்காரர் தந்த மாதிரி மோதிரத்தைச் சந்தோஷமாக அவளிடம் நீட்டினேன்.

அவள் கையை நீட்டவில்லை. "எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லங்க. வீட்ல எம்புட்டோ சொல்லிட்டேன், யாரும் கேக்கல. நீங்களாச்சும் நிறுத்துங்க" என்றாள்.

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலமே அவள் அப்பாவுக்கு போன் செய்து, எனக்குத்தான் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அவர் திட்டியதைக் கேட்டுக்கொண்டேன். மூன்று மாதம் தினமும் அவளோடு பேசியிருக்கிறேன். எனக்கு எதுவுமே தெரியவில்லை.