கார் லிஃப்ட்ல கேட்ட பதினேழு நிமிஷப் பாட்டு

ஏசி போட்டதும் வர்ற ஈரத்துணி வாசம்... கூடவே கேசட் சுத்த ஆரம்பிக்கிறப்ப வர்ற 'உஸ்ஸ்'ங்கிற சத்தம். 2004-ல என்னோட காலை இதுலதான் தொடங்கும்.

வீடு அஜ்மான். ஆபீஸ் துபாய், தேரா. வாடகை கம்மின்னு அஜ்மான்ல இருந்த எங்கள மாதிரி ஆளுங்க, ஒருத்தரோட கார்ல மூணு நாலு பேரா சேர்ந்து டூட்டிக்குப் போவோம். அதுக்குப் பேரு கார் லிஃப்ட். எங்க கார் செல்வா அண்ணனோடது. திருகோணமலைக்காரர், வயசு ஐம்பதைத் தாண்டியிருக்கும். முன் சீட்ல பிலிப்பைன்ஸ் பொண்ணு மரீட்டா. பின்னாடி நானும் கோட்டயத்து நர்ஸ் ஷைனியும்.

அண்ணன்கிட்ட இருந்தது ஒரே கேசட். அதுல அவர் போடுறது ஒரே பாட்டு.

அறுபதுகள் கடைசியில வந்த இங்கிலீஷ் பாட்டு. அதை சைக்கடெலிக் ராக்னு சொல்வாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். பதினேழு நிமிஷம். முதல் ஒன்பது நிமிஷம் வெறும் ஆர்கன்... தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி. அப்புறம் ஒரு கிட்டார். கடைசியில ஒருத்தன் நாலே நாலு வரி பாடுவான். வழியில ஷார்ஜா ட்ராஃபிக்ல நின்னுக்கிட்டு தினமும் இதைக் கேட்டா எப்படி இருக்கும்? ஷைனி காதுல பஞ்சு வச்சுக்குவா.

ஒருநாள் கேட்டே விட்டேன், ஏன் அண்ணா பாட ஆரம்பிக்கவே இவ்வளவு நேரம்னு.

ரெக்கார்டிங் அன்னிக்குப் பாடகன் நேரத்துக்கு வரலையாம். அவன் வர்ற வரைக்கும் ஆர்கன்காரன் நிறுத்தாம வாசிச்சுக்கிட்டே இருந்தானாம். அதை அப்படியே இசைத்தட்டுல போட்டுட்டாங்களாம். அண்ணன் சொன்ன கதை இது. எழுபதுகள்ல அவரும் அவர் தம்பியும் ஊர்ல ஒரு மியூசிக் பேண்ட் வச்சிருந்தாங்களாம். அவர் கிட்டார், தம்பி ஆர்கன். இந்தப் பாட்டுதான் அவங்களுக்குப் பேர் வாங்கிக் குடுத்ததாம்.

தம்பி இப்ப எங்கன்னு கேட்டேன். கனடான்னார். கொஞ்சம் கழிச்சு, எந்த ஊர்னு தெரியாதுன்னார்.

அம்மாவை விட்டுட்டுக் கனடா போறான்னு தம்பிகூடப் பெரிய சண்டை. அடுத்த வருஷம் அம்மா இறந்துட்டாங்க. கோபத்துல இவர் தம்பிக்குச் சொல்லவே இல்ல. அப்புறம் ஊர்ல பிரச்சினை, இடம் மாறினது, அட்ரஸ் தொலைஞ்சது... இருபது வருஷத்துக்கு மேல ஓடிடுச்சு.

பாடகன் லேட்டா வந்த அந்தக் கதை உண்மையா பொய்யான்னு எனக்கும் ஷைனிக்கும் பந்தயம். லஞ்ச் டைம்ல ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தேடினேன். அந்தப் பாட்டோட ரசிகர்களுக்குன்னு ஒரு ஃபோரம் கிடைச்சது. பாட்டு ஏன் அப்படி இருக்குன்னு ஆளுக்கொரு கதை எழுதியிருந்தாங்க. பாடகன் லேட்டா வந்த கதையை யாருமே சொல்லல. பக்கம் பக்கமாத் தள்ளிக்கிட்டே போனேன்...

ஒரே ஒருத்தர் அதை எழுதியிருந்தார். கீழ ரெண்டு வரி. சின்ன வயசுல இலங்கையில ஒரு துறைமுக ஊர்ல இதை ஆர்கன்ல வாசிச்சிருக்கேன், என் அண்ணன் கிட்டார். அவரைத் தொலைச்சுட்டேன். அதுக்குக் கீழ பேரும் இமெயிலும்.

உடனே பிரிண்ட் எடுத்தேன்.

சாயந்திரம் அதை அண்ணன்கிட்ட குடுத்தேன். அண்ணன் காரை ஓரமா நிறுத்திட்டுப் படிச்சார். திரும்பத் திரும்பப் படிச்சார். "ஒண்டும் எழுதாதேங்கோ தங்கச்சி. அம்மாவைப் பற்றி என்னெண்டு சொல்லுவன்?" அவ்வளவுதான் சொன்னார்.

மூணு நாள் கார்ல கேசட் ஓடல. பஞ்சு வச்சுக்கிற ஷைனிக்கே அந்த அமைதி பிடிக்கல.

நாலாவது நாள், நான் இறங்குறப்ப மெதுவாக் கூப்பிட்டார். "எழுதி விடுங்கோ. என்ர நம்பரையும் போடுங்கோ."

அன்னிக்கே தம்பி கூப்பிட்டுட்டார். அண்ணன் முதல்ல அம்மாவைப் பத்தித்தான் சொன்னாராம். "பிறகு, நீ சாப்பிட்டியோ எண்டு கேட்டவன்"னு மறுநாள் கார்ல சொல்லிட்டு, கண்ணாடி வழியா ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

ரெண்டு மாசத்துல தம்பி விசிட் விசால வந்துட்டார். அண்ணன் முகமேதான், முடி மட்டும் இல்ல. மரீட்டா தானாவே முன் சீட்டை விட்டுட்டு எங்ககூட நெருக்கி உட்கார்ந்தா. பாட்டு ஓடுச்சு. தம்பி முழங்கால்ல விரலால வாசிச்சுக்கிட்டே வந்தார்.

எங்க பந்தயம் இன்னும் தீரலையே. கதை உண்மையான்னு அவர்கிட்டயே கேட்டேன்.

அவர் சிரிச்சுட்டார். அப்படி ஒண்ணு நடக்கவே இல்லையாம். ஒருதடவை ஊர் ஹால்ல இவங்க கச்சேரி. கூட்டம் காத்திருக்கு, அண்ணனைக் காணோம். பஸ் கிடைக்காம எங்கயோ மாட்டிக்கிட்டார். தம்பி தனியா ஆர்கனை வாசிச்சுச் சமாளிச்சிருக்கார். சனம் கத்தினப்ப, ஒரிஜினல் ரெக்கார்டே இப்படித்தான்னு மைக்ல ஒரு கதை கட்டி விட்டாராம். லேட்டா வந்த அண்ணனும் அதையே நம்பிட்டாராம்.

"எனக்கு ஏனடா சொல்லேல்ல?"ன்னு கேட்டார் அண்ணன்.

"நீ பிந்தி வந்தது ஆருக்கும் தெரியக் கூடாதெண்டுதான்."

அண்ணன் ஒரு கையை ஸ்டியரிங்ல இருந்து எடுத்துத் தம்பி தோள்ல வச்சார். ஷார்ஜா எல்லையில இருக்குற அல் நஹ்தா தாண்டுற வரைக்கும் எடுக்கவே இல்ல.

2008-ல அண்ணன் விசா கேன்சல் பண்ணிட்டுக் கனடா போயிட்டார். ஷைனி இப்ப அயர்லாந்துல. மரீட்டா ஊரோட செட்டில்.

நான் இன்னும் இங்கதான். அதே ரோடு, இப்ப சொந்தக் கார், தனியா. என் டேஸ்ட் தெரிஞ்சு ஃபோனே பாட்டு எடுத்துக் குடுக்குது. பிடிக்கலன்னா அடுத்த செகண்ட் மாத்திடுவேன்.

வசதிதான்... ஆனா எனக்குப் பிடிக்காத ஒரு பாட்டை, பக்கத்துல இருக்குறவருக்குப் பிடிக்கும்ங்கிற ஒரே காரணத்துக்காக முழுசாக் கேட்டு எவ்வளவு வருஷம் ஆச்சு.