பல்லாவரம் தாண்டிட்டேன்

தினசரிக் காலண்டர் தாளின் மூலையில், சிவப்பு மையில் ஓர் எண். எங்கள் தாம்பரம் அலுவலகத்தில் பக்கத்து மேசை அக்கா, காலையில் கைப்பையை வைப்பதற்கு முன்பே பழைய தாளைக் கிழித்துவிட்டு, புதிய தாளில் அந்த எண்ணை எழுதிவிடுவார். ஏதோ வேண்டுதல் என்றுதான் முதலில் நினைத்தேன். விசாரித்தபோதுதான் தெரிந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்பதைப் பற்றி ஒரு வருடம் முழுக்க யாரிடமும் போனில் பொய் சொல்வதில்லை என்று அக்கா முடிவெடுத்திருந்தார்; அப்படிக் கழிந்த நாட்களின் கணக்குதான் அந்த எண்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையை நம்பிப் பிழைக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற பொய் அது. வீட்டில் பல் துலக்கிக்கொண்டே குரோம்பேட்டை வந்துவிட்டதாகச் சொல்வோம். கேட்பவரும் தன் பங்குக்கு ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் தூங்குவார். இதில் எங்களுக்கெல்லாம் தலைவி அக்காதான்.

காரணத்தை ஒரு மதியம் அவரே சொன்னார். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள் டியூஷன் முடிந்து பம்மல் பஸ் ஸ்டாப்பில் நிற்பாள். அக்கா ஸ்கூட்டரில் போய் பொழிச்சலூர் வீட்டுக்கு அழைத்துப் போவார். ஒரு மழை நாளில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "பல்லாவரம் தாண்டிட்டேன்டி" என்றிருக்கிறார். அதை நம்பி, ஏறிக்கொள்ளச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவையும் அனுப்பிவிட்டு, அந்தப் பெண் ஒன்றரை மணி நேரம் நனைந்தாள். காய்ச்சல் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அதன்பிறகு அவள் அம்மாவுக்கு போன் செய்யவே இல்லை. டியூஷன் விட்டதும் தனியாக நடந்து போய்விடுவாள். "ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல சார்," என்றார் அக்கா. அதற்குமேல் நான் கேலி செய்யவில்லை.

காலையில் மேலதிகாரி கூப்பிட்டால் அக்கா, "இன்னும் வீட்லதான் சார் இருக்கேன், குக்கர்ல ஒரு விசில் பாக்கி" என்பார். இந்த நேர்மைக்குத் தினமும் திட்டு விழுந்தது. அக்கா அசரவில்லை.

எண் இருநூற்றுப் பதினொன்று ஆனபோது சிலிண்டர் போடுபவர் போன் செய்தார். அவர் குரல் என் மேசை வரை கேட்டது. "அக்கா, வூடு பூட்டிக்கீது. எங்க கீற?"

"தெருமுனைல வந்துட்டேன்பா, அஞ்சே நிமிஷம்!"

வைத்த கையோடு அக்காவின் முகம் வெளுத்தது. உடனே திருப்பி அழைத்தார். "நான் தாம்பரத்துல இருக்கேன்பா. பொய் சொல்லிட்டேன். நீ போயிடு." சிலிண்டர் போனது. மறுநாள் தாளில் 1 என்று எழுதினார். சிலிண்டர்காரரிடம் சொன்னதையெல்லாமா கணக்கில் சேர்ப்பது என்று சண்டைக்குப் போனேன். "அவரும் வெயில்ல நிக்கிற ஆள்தானே சார்?" என்று பேனாவை மூடிவிட்டார்.

மகள் கல்லூரியில் சேர்ந்தாள். புது வருடக் காலண்டர் வந்தது. இரண்டாவது முறை எண் முந்நூறைத் தாண்டியிருந்த ஒரு சாயங்காலம், நல்ல மழை. அக்காவின் போன் அடித்தது. அவர் திரையைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"எங்கம்மா இருக்க?"

"ஆபீஸ்லதான்டி. இன்னும் கிளம்பவே இல்ல. பம்மல் வர ஒரு மணி நேரமாகும்."

எதிர்முனையில் மழைச் சத்தத்தையும் மீறி மகளின் குரல் கேட்டது. "சரிம்மா, மெடிக்கல் ஷாப் வாசல்ல நிக்கிறேன். நீ பார்த்து வா."

அக்கா போனை இறக்கி என்னைப் பார்த்தார். "நிக்கிறேன்னு சொன்னா சார், கேட்டீங்களா?" அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், அதில் என்ன வெட்கம்.

அந்த முறை அக்கா முந்நூற்று அறுபத்தைந்தையும் எழுதி முடித்தார். போன வருடம் மாற்றலாகிப் போனபோது காலண்டர் தொங்கும் ஆணியை எனக்கு விட்டுப் போனார். ஜனவரியிலிருந்து நானும் எழுதுகிறேன். தொண்ணூற்று நான்கு வரை வந்திருந்தேன். நேற்று தம்பி கூப்பிட்டபோது, அஸ்தினாபுரம் வீட்டில் சட்டைகூடப் போடாமல், "சானடோரியம் தாண்டிட்டேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அவனை அழைத்து உண்மையைச் சொன்னதும், "தெரியுமே" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் உறுத்தியது.

இன்று காலை தாளைக் கிழித்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து, மூலையில் 1 என்று அழுத்தி எழுதினேன்.